1947 ஆகஸ்ட் 15 முதல் 1952 மே 13 வரை: இந்தியாவை எந்தச் சட்டம் ஆண்டது?

கேள்வி இதுதான்: பிரிட்டிஷ் ஆட்சி 1947 ஆகஸ்ட் 15 அன்று முடிந்தது. அரசமைப்புச் சட்டம் 1950 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. முதல் பொதுத்தேர்தல் முடிந்தது 1952 பிப்ரவரியில். இடைப்பட்ட ஆண்டுகளில் நேருவின் அரசு எந்தச் சட்டத்தின்படி நடந்தது? சட்டங்களை இயற்றியவர்கள் யார்? அவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது யார்?

முதலில் நேரடி விடை. 1950 வரை நாட்டை ஆண்டது 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம். பழைய வடிவில் அல்ல, விடுதலைக்கு ஏற்பத் திருத்திய வடிவில். சட்டம் இயற்றியது அரசியல் நிர்ணய சபை. அரசமைப்பை எழுதிய அதே சபைதான் நாடாளுமன்றமாகவும் செயல்பட்டது. சட்டக் கண்ணோட்டத்தில் அந்த அதிகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்திலிருந்து வந்தது. 1950-இல் அந்தத் தொப்புள்கொடியைத் தெரிந்தே அறுத்தார்கள். எப்படி அறுத்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி. அதற்குச் சற்று அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1935 சட்டத்திலிருந்து தொடங்குவோம். அதில் இரண்டு பெரிய பாகங்கள் இருந்தன. ஒன்று மாகாணத் தன்னாட்சி. அது 1937-இல் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் ராஜாஜி அமைச்சரவை அமைத்தது அதன்படிதான். மற்றொன்று சமஸ்தானங்களும் மாகாணங்களும் சேர்ந்த கூட்டாட்சி. சமஸ்தானங்களின் மொத்த மக்கள்தொகையில் குறைந்தது பாதியைக் கொண்ட மன்னர்கள் இணைந்தால்தான் அது தொடங்கும் என்று சட்டம் நிபந்தனை போட்டிருந்தது. மன்னர்கள் இணையவில்லை, கூட்டாட்சி பிறக்கவே இல்லை. ஆகவே மத்தியில் 1947 ஆகஸ்ட் வரை, 1935 சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணையில் இடைக்கால ஏற்பாடாக வைத்திருந்த 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளே ஓடிக்கொண்டிருந்தன. 1946 செப்டம்பர் 2 அன்று நேரு தலைமையில் அமைந்த இடைக்கால அரசும் சட்டப்படி பார்த்தால் வைஸ்ராயின் நிர்வாகக் குழுதான். நேருவின் பதவி அதன் துணைத் தலைவர். அவரைப் பிரதமர் என்று அழைத்தது அரசியல் மரியாதை. சட்டத்தில் அப்படி ஒரு பதவி அப்போது இல்லை.

அரசியல் நிர்ணய சபையின் பிறப்பு, பிரிட்டன் அனுப்பிய அமைச்சரவைத் தூதுக்குழுவின் 1946 மே 16 திட்டத்தில் இருக்கிறது. மொத்தம் 389 இடங்கள்: மாகாணங்களுக்கு 292, தலைமை ஆணையர் ஆட்சியிலிருந்த டெல்லி, அஜ்மீர்-மேர்வாரா, குடகு, பலுசிஸ்தான் ஆகியவற்றுக்கு 4, சமஸ்தானங்களுக்கு 93. ஏறக்குறையப் பத்து லட்சம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு. மக்கள் நேரடியாக வாக்களிக்கவில்லை. மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள் பொது, முஸ்லிம், சீக்கியர் என மூன்று பிரிவுகளாகப் பிரிந்து, மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டமன்றங்களோ சொத்து, வரி, படிப்பு ஆகிய தகுதி உடையவர்கள் மட்டும் வாக்களித்து வந்தவை. எனவே, மக்கள் தேர்ந்தெடுத்த சபை அரசமைப்பை எழுதியது என்று எழுதுவது சரியல்ல. மறைமுகத் தேர்தல், வரம்புள்ள வாக்குரிமை என்ற இரண்டு வடிகட்டிகளைத் தாண்டி வந்த சபை அது. ஆனால் அப்படிப்பட்ட சபைதான் 21 வயது நிரம்பிய அனைவருக்கும் வாக்குரிமை தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1946 டிசம்பர் 9 அன்று சபை முதன்முதலாகக் கூடியது. மூத்த உறுப்பினர் சச்சிதானந்த சின்ஹா தற்காலிகத் தலைவர். டிசம்பர் 11 அன்று ராஜேந்திர பிரசாத் தலைவரானார். முஸ்லிம் லீக் வரவில்லை. டிசம்பர் 13 அன்று நேரு குறிக்கோள் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். லீகும் சமஸ்தானங்களும் வருவதற்கு இடம் விட்டு, 1947 ஜனவரி 22 வரை காத்திருந்து நிறைவேற்றினார்கள். அந்தத் தீர்மானத்தை இன்று வாசிப்பவர்களுக்கு ஓரிடம் திகைப்பாக இருக்கும்: எஞ்சிய அதிகாரங்கள் (யாருக்கென்று தனியே பிரித்துத் தராதவை) மத்திய அரசுக்கு அல்ல, அங்கமாக இருக்கும் பகுதிகளுக்கே என்கிறது. தூதுக்குழுத் திட்டத்தின்படி மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று துறைகளும், அவற்றுக்கு வேண்டிய நிதியைத் திரட்டும் அதிகாரமும் மட்டுமே. லீகை உள்ளே வைத்திருக்கக் கொடுக்க வேண்டியிருந்த விலை அது. 1947 ஜூன் 3 அன்று பிரிவினைத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் அந்த விலைக்கான காரணம் இல்லாமல் போயிற்று. நேரு தலைமையிலான ஒன்றிய அதிகாரக் குழு ஒரு மாதத்துக்குள் தன் நிலையை மாற்றி, வலுவான மத்திய அரசு, மூன்று அதிகாரப் பட்டியல்கள், எஞ்சியவை ஒன்றியத்துக்கு என்று இரண்டாவது அறிக்கை எழுதியது. இன்றைய ஒன்றிய–மாநில உறவின் சாய்வு எங்கே தொடங்கியது என்று கேட்டால், என் பார்வையில் அந்த ஒரு மாதத்தைத்தான் காட்டுவேன். வரைவுக்குழு பிறப்பதற்கு முன்பே இது தீர்ந்துவிட்ட விஷயம்.

இந்திய விடுதலைச் சட்டத்துக்கு 1947 ஜூலை 18 அன்று அரசரின் ஒப்புதல் கிடைத்தது. மொத்தமே இருபது பிரிவுகள். நம் கேள்விக்கு வேண்டியவை நான்கு. 6-ஆம் பிரிவு: டொமினியன் (பிரிட்டிஷ் அரசரையே தலைவராகக் கொண்ட தன்னாட்சி நாடு) சட்டமன்றம் இயற்றும் சட்டம் பிரிட்டிஷ் சட்டத்துக்கு முரண்பட்டாலும் செல்லும், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சட்டத்தையே நீக்கலாம். 7-ஆம் பிரிவு: சமஸ்தானங்கள் மீது பிரிட்டிஷ் முடியாட்சிக்கு இருந்த மேலாதிக்கம் முடிகிறது. 8-ஆம் பிரிவு: டொமினியன் சட்டமன்றத்தின் அதிகாரங்களை அந்தந்த அரசியல் நிர்ணய சபை செலுத்தும், சபை வேறு ஏற்பாடு செய்யும் வரை 1935 சட்டப்படி ஆட்சி நடக்கும். 9-ஆம் பிரிவு: அந்தச் சட்டத்தைச் சூழ்நிலைக்கு ஏற்ப வெட்டவும் ஒட்டவும் கவர்னர் ஜெனரல் ஆணை பிறப்பிக்கலாம்.

அப்படிப் பிறந்ததுதான் 1947-ஆம் ஆண்டின் இந்திய (தற்காலிக அரசமைப்பு) ஆணை. இந்தியாவின் முதல் அரசமைப்பு எது என்ற கேள்விக்கு நேர்மையான விடை இந்த ஆணையால் திருத்தப்பட்ட 1935 சட்டம்தான். அதில் செய்த அறுவை சிறியதல்ல. கவர்னர் ஜெனரலும் மாகாண ஆளுநர்களும் ‘தம் விருப்புரிமைப்படி’, ‘தம் தனி முடிவின்படி’ செயல்படலாம் என்று சட்டம் முழுக்கப் பரவிக்கிடந்த சொற்கள் நீக்கப்பட்டன. அமைச்சரவையின் ஆலோசனையே ஆட்சி என்றாயிற்று. மாகாண ஆட்சியை ஆளுநர் கையில் எடுத்துக்கொள்ள வழிவிட்ட 93-ஆம் பிரிவு நீங்கியது. 1939-இல் காங்கிரஸ் அமைச்சரவைகள் விலகியபின் சென்னை உட்படப் பல மாகாணங்களை ஆளுநர்கள் நேரடியாக ஆண்டது அந்தப் பிரிவைக் கொண்டுதான். பத்தாண்டுகள் உயிர்பெறாமல் கிடந்த கூட்டாட்சிப் பாகம் மாற்றிய வடிவில் உயிர்பெற்றது. சமஸ்தானங்களை இணைத்துக்கொள்ளும், 1935 சட்டத்தின் 6-ஆம் பிரிவு உடனடியாக வேலை செய்யத் தொடங்கியது. பழைய மத்திய சட்டசபையும் ராஜாங்க சபையும் கலைந்தன.

இந்தக் காலத்தில் இந்தியா குடியரசு அல்ல, டொமினியன். ஆறாம் ஜார்ஜ் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் அரசர். ‘இந்தியப் பேரரசர்’ என்ற பட்டத்தை மட்டும் அவர் 1948 ஜூனில் விட்டார். மவுண்ட்பேட்டனும், 1948 ஜூன் 21 முதல் ராஜாஜியும் அந்த அரசரின் பிரதிநிதியாகத்தான் கவர்னர் ஜெனரல் பதவியில் இருந்தார்கள். விடுதலைக்குப் பின்னும் ஓராண்டு சென்னை ஆளுநராக ஆர்ச்சிபால்ட் நை என்ற ஆங்கிலேயர் இருந்ததைப் பார்த்துக் குழம்புபவர்கள் உண்டு. அமைச்சரவை சொல்வதைச் செய்ய வேண்டிய ஆளுநர் என்பதால் அதில் சட்டச் சிக்கல் இல்லை. அந்நாளைய தமிழ் ஏடுகளில் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைச் ‘சென்னைப் பிரதமர்’ என்று எழுதியிருப்பதும் இதே சட்டத்தின் அடையாளம். முதலமைச்சர் என்ற பதவிப்பெயர் 1950-க்குப் பிறகே நிலைத்தது.

ஒரே சபை இரண்டு வேலை செய்வதில் நடைமுறைச் சிக்கல்கள் இருந்தன. ராஜேந்திர பிரசாத் அப்போது உணவு அமைச்சரும்கூட. அமைச்சர் ஒருவரே சட்டமன்றத்துக்கும் தலைமை வகித்தால் கேள்வி நேரம் எப்படி நடக்கும்? மவ்லாங்கர் தலைமையிலான குழு 1947 ஆகஸ்டிலேயே இதை ஆராய்ந்து, இரண்டு வேலைகளையும் தனித்தனி அமர்வுகளில், தனித்தனித் தலைவர்களின் கீழ் நடத்தப் பரிந்துரைத்தது. 1947 நவம்பர் 17 அன்று சட்டமன்றமாகக் கூடிய சபை மவ்லாங்கரைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தது. ஒன்பது நாட்கள் கழித்து, நவம்பர் 26 அன்று, கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் விடுதலை இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அங்கே வைத்தார். 1948 மார்ச் 31 வரையிலான ஏழரை மாதங்களுக்கு வரவு சுமார் 171 கோடி ரூபாய், செலவு சுமார் 197 கோடி ரூபாய். அரசமைப்பு எழுதும் அமர்வு என்றால் பிரசாத் இருக்கையில். பட்ஜெட், சாதாரணச் சட்டம் என்றால் மவ்லாங்கர் இருக்கையில். உறுப்பினர்கள் அதே ஆட்கள்.

பிரிவினைக்குப் பிறகு சபையின் அளவும் மாறியது. 1947 டிசம்பர் கடைசியில் மொத்தம் 299 இடங்கள்: மாகாணங்கள் 229, சமஸ்தானங்கள் 70. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 49. வங்காளத்திலிருந்து தேர்வான அம்பேத்கர் பிரிவினையால் இடம் இழந்து, 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வாகி வந்தார். அந்தத் தேர்வு நடக்காமல் போயிருந்தால் வரைவுக்குழுத் தலைவர் வேறொருவர்.

சமஸ்தானங்களின் கதை தனி நூலுக்கு உரியது. இங்கே சட்டப் பக்கத்தை மட்டும் தொடுகிறேன். ஏறக்குறைய 565 சமஸ்தானங்கள். மேலாதிக்கம் முடிந்ததால் சட்டப்படி அவை யாருக்கும் கட்டுப்பட்டவை அல்ல. சமஸ்தானத் துறை அமைச்சர் பட்டேலும் செயலர் வி.பி. மேனனும் வைத்த இணைப்பு ஒப்பந்தம் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்றை மட்டும் கேட்டது. அதனால்தான் பெரும்பாலோர் சில வாரங்களில் கையெழுத்திட்டார்கள். இணைப்பு என்பது வேறு, கலப்பு என்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் வழக்கமான பிழை. புதுக்கோட்டை முதலில் இணைந்து, பிறகு 1948 மார்ச் 3 அன்றுதான் சென்னை மாகாணத்தோடு கலந்தது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1 அன்று ஒரே மாநிலமாயின. சமஸ்தானங்கள் தத்தமக்குத் தனி அரசமைப்பு எழுதிக்கொள்ளும் என்ற எண்ணம் 1949 வரை இருந்தது; பிறகு அதைக் கைவிட்டு, பொது அரசமைப்பையே ஏற்றன. ஜம்மு-காஷ்மீர் மட்டும் விலக்கு.

இனி வரைவு. பி.என். ராவ் அரசமைப்பு ஆலோசகர். சபை உறுப்பினர் அல்ல. குழுக்களின் முடிவுகளை வைத்து 1947 அக்டோபரில் முதல் வரைவைத் தயாரித்தது அவர். 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைந்த வரைவுக்குழுவில் அம்பேத்கர், அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், என். கோபாலசாமி ஐயங்கார், கே.எம். முன்ஷி, முகமது சாதுல்லா, பி.எல். மிட்டர், டி.பி. கைத்தான் ஆகிய ஏழு பேர். மிட்டருக்குப் பதில் மாதவ ராவ் வந்தார். கைத்தான் மறைந்தபின் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அம்பேத்கர் ஒருவரே எழுதினார் என்பதும் அவர் வெறும் பெயருக்குத் தலைவர் என்பதும் இரண்டும் பிழை. ஆட்கள் குறைந்ததாலும் மற்றவர்களுக்கு வேறு பணிகள் இருந்ததாலும் சுமை முழுதும் அம்பேத்கர் தோளில் விழுந்ததை டி.டி.கே.யே 1948 நவம்பர் 5 அன்று சபையில் எடுத்துச் சொன்னார். ராவும் தலைமை வரைவாளர் எஸ்.என். முகர்ஜியும் செய்த பங்கை அம்பேத்கரும் தம் கடைசி உரையில் மறைக்காமல் சொன்னார்.

1948 பிப்ரவரி 21 அன்று சபைத் தலைவரிடம் சேர்ந்த வரைவில் 315 பிரிவுகள், 8 அட்டவணைகள். அது எட்டு மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1948 நவம்பர் 4 அன்று சபையில் அறிமுகமாகி, நவம்பர் 15 முதல் 1949 அக்டோபர் 17 வரை பிரிவு பிரிவாக விவாதிக்கப்பட்டது. கொடுக்கப்பட்ட திருத்தங்கள் 7,635. அவற்றில் சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. முடிவில் 395 பிரிவுகள். முக்கியமான சர்ச்சைகள் பலவும் காங்கிரஸ் கட்சியின் உள்கூட்டங்களில் முதலில் தீர்ந்து, பிறகே சபைக்கு வந்தன. அதனால் சபை விவாதங்களை மட்டும் படித்தால் சில திடீர் திருப்பங்களுக்குக் காரணம் தெரியாது.

அப்படி ஒரு திருப்பம் ஆளுநர் பதவி. வரைவில் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கலாம், அல்லது சட்டமன்றம் நால்வரைத் தேர்ந்து அவர்களில் ஒருவரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்று இரண்டு வழிகள் இருந்தன. 1949 மே கடைசியில் இரண்டையும் விட்டு நேரடி நியமனத்துக்கு மாறினார்கள். மக்கள் வாக்கில் வந்த ஆளுநரும் மக்கள் வாக்கில் வந்த முதலமைச்சரும் மோதுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். அது நியாயமான அச்சம்தான். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், 1947-இல் தூக்கியெறிந்த 93-ஆம் பிரிவின் சாயலில், மாநில ஆட்சியை மத்திய அரசு கையில் எடுக்க வழிவிடும் இன்றைய 356-ஆம் பிரிவு உள்ளே வந்தது. நியமன ஆளுநர், ஆட்சியைக் கலைக்கும் அதிகாரம் என்ற இரண்டும் தனித்தனியே விவாதிக்கப்பட்டன. சேர்ந்தால் என்ன ஆகும் என்று போதுமான அளவு யோசிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்த 356 செத்த எழுத்தாகவே கிடக்கும் என்று அம்பேத்கர் நம்பினார். 1951 ஜூனில், அரசமைப்பு வந்து ஒன்றரை ஆண்டு முடிவதற்குள், பஞ்சாபில் அது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது.

இப்போது தொப்புள்கொடிக்கு வருவோம். 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பு ஏற்கப்பட்டது. அன்றே நடைமுறைக்கு வந்தவை 394-ஆம் பிரிவு பட்டியலிட்ட சில மட்டும்: குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரை, தேர்தல் ஆணையத்துக்கான 324, இடைக்கால ஏற்பாடுகள் சில. மற்றவை, 1930-இல் முழு விடுதலை நாளாகக் கொண்டாடப்பட்ட ஜனவரி 26-க்குக் காத்திருந்தன. கடைசிப் பிரிவான 395, 1947 விடுதலைச் சட்டத்தையும் 1935 சட்டத்தையும் நீக்குகிறது. தனக்கு அதிகாரம் தந்த சட்டத்தையே ஒரு சபை நீக்க முடியுமா? விடுதலைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவே அதற்கு இடம் தந்தது. ஆனால் அந்த வழியில் மட்டும் போயிருந்தால், நம் அரசமைப்பும் கடைசியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தந்த அதிகாரத்தில் பிறந்த இன்னொரு சட்டமாகவே இருந்திருக்கும். சபை செய்தது வேறு. சாதாரணச் சட்டத்துக்கு வேண்டிய கவர்னர் ஜெனரலின் ஒப்புதலை அரசமைப்புக்குக் கேட்கவே இல்லை. சபைத் தலைவர் கையெழுத்திட்டார், அதோடு முடிந்தது. முகப்புரையும் ‘இந்திய மக்களாகிய நாம்’ இதை நமக்கே வழங்கிக்கொள்கிறோம் என்கிறது. அதிகாரச் சங்கிலி லண்டனில் போய் முடியாமல் இங்கேயே முடிய வேண்டும் என்பதற்காகத் தெரிந்து விட்ட இடைவெளி அது.

இது ஏட்டுச்சுரைக்காய் அல்ல என்பதற்குப் பக்கத்து நாடே சாட்சி. அதே விடுதலைச் சட்டம், அதே 8-ஆம் பிரிவு. பாகிஸ்தானின் அரசியல் நிர்ணய சபையும் தன் அரசமைப்புச் சட்டங்களுக்கு ஒப்புதல் தேவையில்லை என்றே நடந்துவந்தது. ஆனால் ஏழு ஆண்டுகளாகியும் அரசமைப்பை முடிக்கவில்லை. 1954 அக்டோபர் 24 அன்று கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அந்தச் சபையைக் கலைத்தார். சபைத் தலைவர் தமீசுத்தீன் கான் வழக்குப் போட, சிந்து தலைமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1955 மார்ச்சில் தலைமை நீதிபதி முனீர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. சபை இயற்றும் அரசமைப்புச் சட்டத்துக்கும் கவர்னர் ஜெனரலின் ஒப்புதல் கட்டாயம். தமீசுத்தீன் கான் நம்பி வந்த சட்டப் பிரிவுக்கே ஒப்புதல் இல்லாததால் அது செல்லாது என்றது தீர்ப்பு. ஒப்புதல் பெறாத மற்றச் சட்டங்களும் ஒரே நாளில் ஆட்டம் கண்டன. டொமினியன் நிலையில் நெடுங்காலம் இருப்பதன் ஆபத்து இதுதான்: மேலே ஒருவர் ஒப்புதல் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார். இந்தியா சுமார் இரண்டரை ஆண்டில் அந்த நிலையைக் கடந்ததும், அந்தப் பேனாவைக் கேட்காமலே கடந்ததும் தப்பிப் பிழைத்ததற்கான காரணங்கள்.

1950 ஜனவரி 26 அன்று காலையில் ஆட்சி எந்திரம் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. அதற்குக் காரணம் கடைசிக்கு முந்தைய பகுதியில் இருந்த இடைக்காலப் பிரிவுகள். 372: பழைய சட்டங்கள் எல்லாம் மாற்றப்படும்வரை தொடரும், இந்தியத் தண்டனைச் சட்டம் தொடர்ந்தது அதனால்தான். 374: கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதிகள் உச்ச நீதிமன்ற நீதிபதிகளாவார்கள். அதுவரை இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் மேல்முறையீடு 1949 அக்டோபரிலேயே ஒழிக்கப்பட்டிருந்தது. 379: அரசியல் நிர்ணய சபையே தற்காலிக நாடாளுமன்றம். 380: சபை தேர்ந்தெடுத்த பிரசாத் தற்காலிகக் குடியரசுத் தலைவர். 392: மாற்றக்காலத்தில் வரும் தடங்கலை நீக்க, அரசமைப்பையே தழுவி மாற்றிக்கொள்ளும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு. இந்த 392-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய அரசமைப்பின் முதல் உரசல்களில் இரண்டு சென்னையிலிருந்து போனவை. ‘கிராஸ் ரோட்ஸ்’ வார ஏட்டைச் சென்னை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்த ஆணையை 1950 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தும் 19(2)-இல் அப்போது ‘பொது ஒழுங்கு’ என்ற சொல்லே இல்லை. அரசின் பாதுகாப்புக்கே கேடு என்றால் மட்டும் கட்டுப்படுத்தலாம் என்பது காரணம். அடுத்தது வகுப்புவாரி உரிமை ஆணை. 14 கல்லூரி இடங்களைப் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்–இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த அந்த ஆணையைச் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றன. அரசு வேலைவாய்ப்பில் இடஒதுக்கீட்டுக்கு 16(4)-ஆம் பிரிவு இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு இணையான விதி எழுதப்படவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் ஆணை விழுந்தது. பெரியார் முன்னின்ற போராட்டம் தமிழகமெங்கும் எழுந்தது. இதற்கிடையே 1951 மார்ச்சில் பாட்னா உயர் நீதிமன்றம் பீகார் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை அடித்துவிட்டது.

மூன்றுக்கும் விடையாக முதல் திருத்தம் 1951 மே 12 அன்று அறிமுகமாகி, ஜூன் 18 அன்று ஒப்புதல் பெற்றது. கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு 15(4). பேச்சுரிமைக்குப் ‘பொது ஒழுங்கு’ உள்ளிட்ட புதிய வரம்புகள். கூடவே ‘நியாயமான’ என்ற ஒற்றைச் சொல். அந்தச் சொல் இல்லாமல் வரம்புகள் மட்டும் வந்திருந்தால் நீதிமன்றங்களுக்கு அளக்கக் கோலே இருந்திருக்காது. நிலச் சட்டங்களுக்கு 31ஏ, 31பி, அடிப்படை உரிமை மீறல் என்று நீதிமன்றம் அடிக்க முடியாதபடி சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணை. அதில் முதலில் வைத்த 13 சட்டங்களில் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் அதன் திருத்தமும் இருந்தன.

ஆனால் ஒரு சிக்கல். திருத்தம் செய்யும் 368-ஆம் பிரிவு நாடாளுமன்றத்தின் ‘இரு அவைகளும்’ மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையில் நிறைவேற்ற வேண்டும் என்கிறது. 1951-இல் இருந்ததோ ஒரே அவை, அதுவும் தற்காலிகமானது. இங்கேதான் 392. அந்த அதிகாரத்தைக் கொண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த தடங்கல் நீக்கும் ஆணை, 368-ஐ ஒற்றை அவைக்குப் பொருந்தும்படி மாற்றியிருந்தது. ஜமீன்தார்கள் இதையே எதிர்த்து உச்ச நீதிமன்றம் வந்தார்கள். 1951 அக்டோபர் 5 அன்று சங்கரி பிரசாத் வழக்கில், நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய ஒருமித்த தீர்ப்பு, தற்காலிக நாடாளுமன்றத்துக்கும் திருத்தும் அதிகாரம் உண்டு என்றது. அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம் என்றது. அந்த இரண்டாவது பகுதி பிற்காலத்தில் மாறியது. முதல் பகுதி நின்றது.

குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் உள்ள எல்லைக்கோடும் இதே ஆண்டில்தான் சோதிக்கப்பட்டது. 1951 செப்டம்பரில், இந்துக்களின் திருமண, சொத்துரிமைச் சட்டங்களைச் சீர்திருத்தும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைத் தன் சொந்த முடிவின்படி பார்க்க விரும்புவதாகப் பிரசாத் நேருவுக்கு எழுதினார். 74-ஆம் பிரிவு அமைச்சரவை ‘உதவியும் ஆலோசனையும்’ தரும் என்றது. கட்டுப்பட வேண்டும் என்று சொல்லவில்லை. அட்டர்னி ஜெனரல் சேத்தல்வாடும் அல்லாடியும் குடியரசுத் தலைவர் கட்டுப்பட்டவரே என்று கருத்துச் சொல்ல, விவகாரம் அடங்கியது. எழுத்தில் அது ஏறியது 1976-இல்தான்.

தேர்தல் இவ்வளவு தாமதமானது ஏன் என்று கேட்பவர்களுக்கு: வாக்காளர் பட்டியல் வேலை அரசமைப்புக்காகக் காத்திருக்கவில்லை. நிர்ணய சபைச் செயலகம் 1948 மார்ச்சிலேயே மாகாணங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது: 21 வயது, அந்த இடத்தில் குறைந்தது 180 நாள் குடியிருப்பு. பிரிவினை அகதிகள் 180 நாள் காட்ட முடியாது. ஆகவே, நிலையாகத் தங்கப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்று தளர்த்தினார்கள். தேர்தல் ஆணையம் 1950 ஜனவரி 25 அன்று அமைந்தது. மார்ச்சில் சுகுமார் சென் பொறுப்பேற்றார். பட்டியலில் ஏறியவர்கள் 17 கோடியே 30 லட்சத்துக்கு மேல். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவாகி, சொந்தப் பெயரைத் தராத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்க வேண்டியிருந்தது. வாக்குப்பதிவு 1951 அக்டோபர் 25 முதல் 1952 பிப்ரவரி 21 வரை நீண்டது. மக்களவையின் 489 இடங்களில் காங்கிரஸ் 364. சென்னையில் கதை வேறு: 375-இல் 152 மட்டும். பெரும்பான்மை இல்லாத நிலையில் ஆளுநர் ஸ்ரீ பிரகாசா, ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதலமைச்சராக்கினார். நியமன ஆளுநரின் அதிகாரம் எவ்வளவு நீளும் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

1952 மே 13 அன்று மக்களவையும் மாநிலங்களவையும் முதன்முறையாகக் கூடின. தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவராகப் பிரசாத் பதவியேற்றதும் அன்றே. முறைப்படி அமைந்த நாடாளுமன்றம் முதன்முறை கூடியபின் தடங்கல் நீக்கும் ஆணை எதுவும் பிறப்பிக்கக் கூடாது என்று 392-ஆம் பிரிவே வரம்பு கட்டியிருந்தது. அன்று முதல், 368-இன்படி அரசமைப்பைத் திருத்துவதென்றால் அதன் முழு வழியில், இரு அவைகளிலும் வாக்கெடுத்துத்தான் திருத்த வேண்டும்.